செவலைக்கு ஓர் அகப்பை

"நாய்க்குப் பந்து வீச ஏதாவது சாமான் இருக்கா, தம்பி?"

ஷரீஃபுதீன் பாய் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காஜா பெராங் சாலையில் பத்து வருஷமாகச் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். எலிப்பொறி கேட்டு வந்திருக்கிறார்கள், விளக்குத் திரி கேட்டு வந்திருக்கிறார்கள். ஆண்டவன் இரண்டு கை கொடுத்திருக்கும்போது பந்து வீச இன்னொரு சாமானா?

பாய் சிரிக்கவில்லை. அவர் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் மனைவி சுல்தானா, முந்தைய வருஷம் நோன்பு மாதத்தில், காய்ச்சலில் படுத்து ஐந்தாம் நாள் போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாளே பாய் வேலைக்குப் போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். கல் நெஞ்சுக்காரர் என்று நாலு பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, கிள்ளினாலும் தெரிவதில்லை. பாய் முழு ஆளும் அப்படித்தான் இருந்தார்.

கிளேபாங் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அவர் தோட்டக்காரர். ஆகஸ்டு முடிவில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். துரை அதற்கு முன்பே கப்பலேறுவதாக இருந்தார். துரைசானியும் பிள்ளைகளும் மார்ச்சிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு பெரிய செம்பட்டை நாய். துரை அதற்கு பிராண்டி என்று பெயர் வைத்திருந்தார். பாய் அதை வாயால் சொல்ல மாட்டார், செவலை என்றுதான் கூப்பிடுவார். நாய்க்கும் அது பழகிப்போயிருந்தது.

பிள்ளைகள் போனதிலிருந்து செவலை வாசல் கேட் அருகே படுத்தது படுத்ததுதான். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்து மானேஜர் ஒருவர், பறவை சுடப் போகும் ஆள், மூன்று வாரத்தில் நாயைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். எறிந்ததை ஓடி எடுத்து வந்தால் அவர் கூட்டிப்போவார்.

"ஓடலைன்னா?" என்று கேட்டேன்.

"கப்பலேறுறதுக்கு முன்னாடி துவானே சுட்டுருவாராம். பட்டினி கெடந்து சாக வேணாம்னு சொல்றாரு." காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார் பாய். துரையை அவர் துவான் என்றுதான் சொல்வார்.

நாயை மறுபடி ஓட வைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. பந்து வீச அவருக்குத் தெரியாமலில்லை. நாய் கவ்விக் கொண்டுவரும் பந்து எச்சிலில் நனைந்திருக்கும். அது கையில் பட்டால் அவர் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். ஒரு சாயங்காலத்துக்கு இருபது முறை வீசினால் பங்களாக் கிணறே வற்றிவிடும்.

"கையில துணி சுத்திக்கிட்டு வீசவா?" என்று அவரே கேட்டார்.

"துணியில எச்சில் ஊறாதா, பாய்? நல்ல ஆளு போங்க!"

அன்று நான் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். எவனாவது வந்து யோசனை கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. கடையிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டேன். லாஸ்திக் நீட்டினேன். கவட்டையில் ரப்பர் கட்டிக் கல்லடிப்பார்களே, அதுதான். பந்தை எப்படியும் விரலால் பிடித்து இழுக்க வேண்டும் என்பதால் அது ஆகவில்லை. துரைசானி விட்டுப்போன டென்னிஸ் மட்டை இருப்பதாகப் பாய் சொன்னார். அடிப்பதற்கு முன்னால் பந்தை மேலே தூக்கிப் போடுவது யார்? அதுவும் தள்ளுபடி. கடைசியில் கூரையில் தொங்கிய சிரட்டை அகப்பைகள் கண்ணில் பட்டன.

முதலில் எடுத்தது பெரிய சிரட்டை. கடைக்குப் பின்னால் நின்று வீசிப் பார்த்தேன், பந்து என் பிடரியிலேயே விழுந்தது. சின்னதாக ஒன்றை எடுத்து, காம்பைக் கழற்றிவிட்டு, இரண்டு முழப் பிரம்பில் செப்புக் கம்பியால் இறுக்கினேன். பிரம்பு வளைந்து நிமிர்ந்ததில் பந்து முருங்கை மரத்தைத் தாண்டிப் பறந்தது. கீழே கிடக்கும் பந்தைக் குனியாமலேயே அள்ளலாம். கை படாது. எனக்கு என்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

நாலு நாள் கழித்துப் பாய் வந்தார். "ஓடுது," என்றார். அவ்வளவுதான். பிறகு, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே, "சாயங்காலம் ஆனா அந்த அகப்பையச் செரட்டைப் பக்கமாக் கவ்விக்கிட்டு என் ரூமு வாசல்ல வந்து நிக்குது," என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

மானேஜர் வந்த சனிக்கிழமை, கடையை என் மனைவி பாக்கியலட்சுமியிடம் விட்டுவிட்டு சைக்கிளில் கிளேபாங்குக்குப் போனேன். என் கைவேலையை வெள்ளைக்காரன் பார்க்கப்போகிறான் என்ற பவுசு.

மானேஜர் பந்தைக் கையில் எடுத்து வீசினார். பந்து புல்லில் உருண்டு நின்றது. செவலை அசையவில்லை. மறுபடி வீசினார். அது பந்தைப் பார்க்கவே இல்லை, பாயின் கையிலிருந்த அகப்பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று வாரத்தில் அது கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: அகப்பை உயர்ந்தால் ஓடு. வெறுங்கை அதற்கு ஒரு கணக்கே இல்லை.

பாய் அகப்பையால் ஒரு முறை வீசிக் காட்டினார். செவலை அம்பாகப் பாய்ந்து கவ்வி வந்து அவர் காலடியில் போட்டது. மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். காட்டுக்குள் துப்பாக்கியோடு போகும்போது இந்தச் சட்டிக் கரண்டியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று மலாயில் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். புழுதி அடங்கும் வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.

மறுநாள் காலை பாய் கடைக்கு வந்தார்.

"தம்பி, துவான் புதன்கிழமை போறாரு. நான் இனிமே கூட்டாளி யூனுஸ் வீட்டுப் பின்ரூமுலதான். தொழுகை நடக்குற சூராவ் பக்கத்துல, அங்க நாய் ஆவாது. ஒங்க கடைக்குப் பின்னால எடம் கெடக்கு. கட்டிப் போடுங்க. சோறு நான் கொண்டாந்துர்றேன். தெனம் வந்து வீசிட்டுப் போறேன்."

அவர் யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். மனைவியின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கக்கூட ஆள் கேட்டதில்லை, அவர்களாகவே வந்தார்கள். அவர் கேட்ட ஒரே உதவி அது. எனக்கு நாய் பயம் கிடையாது, இடமும் இருந்தது. பின்னால் குரைக்கும், அசிங்கம் பண்ணும், யார் கூட்டுவது என்று ஒரு சோம்பல். அதைவிட, என் அகப்பையின் தோல்வி தினமும் கண்ணெதிரே வாலாட்டிக்கொண்டு நிற்குமே என்று ஓர் எரிச்சல். வேறொன்றும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல, பாய். வீட்டுல ஒத்துக்க மாட்டா," என்றேன்.

"சரி தம்பி," என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை துரை சுட்டார். குழி வெட்டியது பாய்தான். இதை எனக்குச் சொன்னவர் பங்களாச் சமையற்காரர். பாய் சொல்லவில்லை.

மெர்டேக்கா முடிந்த வாரம் பாய் மண்ணெண்ணெய் வாங்க வந்தார். தெருவில் கொடிகள் இன்னும் கழற்றப்படவில்லை. நான் உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அளந்து ஊற்றினாள். அவளுக்கு விஷயம் அப்போதுதான் யார் மூலமாகவோ எட்டியிருந்தது.

"ஏன் பாய், அந்த நாயக் கொண்டாந்து நம்ம பின்னால கட்டியிருக்கலாமே? எடமா இல்ல? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

பாய் போத்தலுக்கு மூடி போட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"எனக்குத் தோணாமப் போச்சு, தங்கச்சி," என்றார்.

அவர் போன பிறகு பாக்கியம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், மனுசன்கிட்ட வாய்விட்டுக் கேட்கத் தெரியல," என்றாள்.

"ஆமா," என்றேன் நான்.