ராணிக்குப் பூசிய வேப்பெண்ணெய்

என் மனைவி கண்ணாடிக் குழாயில் வளர்த்த ராணி எறும்பின் கழுத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளிகளை, அதன் குஞ்சுகள் என்றே முதலில் நம்பினேன். அது முட்டையிடாதா என்று அவள் மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தவள். கொட்டாஞ்சேனையிலுள்ள தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவளுக்கு, ‘தாயும் பிள்ளைகளும் நலம்’ என்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து படம் அனுப்பினேன்.

உடனே அழைத்தாள். “இஞ்சேருங்கோ, அது குஞ்சில்லை, உண்ணி. சாறு உறிஞ்சுதோ, சும்மா தொத்திக்கொண்டு திரியுதோ தெரியாது. நான் வந்து பாக்கிறன். ஒண்டும் செய்யாதேங்கோ!”

உண்ணி என்றதும் எனக்கே உடம்பெல்லாம் அரித்தது. கதவு நிலையில் முதுகை உரசிக்கொண்டே யோசித்தேன். சிரங்கோ சொறியோ, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய்தான். எனக்கு ஒரு கை அள்ளிப் பூசினேன். ராணிக்குப் பஞ்சு நுனியால் தலையிலிருந்து அடிவயிறு வரை பூசினேன். உண்ணிகள் உதிர்ந்தன. பெரிய வைத்தியர்தான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் வந்தவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எறும்பு விலாப்பக்கத்து ஓட்டையாலதான் மூச்சு விடும். அதை அடைச்சுப்போட்டியளே அப்பா.”

நானும் குனிந்து குழாய்க்குள் பார்த்தேன்; அசைவில்லை. ராணியின் காலடியில் இரண்டு முட்டைகள் கிடந்தன.

உண்ணிகள் அதைக் கொல்லவில்லை. நான் பூசிய எண்ணெயில் மூச்சடைத்துத்தான் அது செத்தது.