நாற்பத்தொன்பதாம் நாள்

போன வருடம் தைப்பூசம் முடிந்த மறுநாள் மதியம், நியாலாஸ் ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நடந்தது இது.

எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். குடிப்பேன், அது ஊருக்கே தெரியும். ஆனால் வருடா வருடம் மாலை போட்டு, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து காவடி எடுப்பேன். அந்த நாட்களில் ஒரு சொட்டு தொடமாட்டேன். "நெனச்சா விட்டுருவாரு லா" என்று ஆட்கள் சொல்லும்போது பெருமையாக இருக்கும். போன வருடம் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் என் பதினாறு வயது மகனும் என்னோடு மாலை போட்டுப் பால்குடம் எடுத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை கோயிலில் இருவரும் மாலையைக் கழற்றினோம். மதியம் வழக்கம்போல் கடைக்குப் போய் இரண்டு டின் பீர் வாங்கினேன். மனைவி கண்ணில் படாமல் பின்பக்கம் போனால், அங்கே என் மகன் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தான். காலையில் பூசிய விபூதி நெற்றியில் இன்னும் அழியவில்லை.

"எத்தன நாளா டா இது?" என்றேன்.

"மூனாம் படிவத்துலேர்ந்து ப்பா" என்று பயமே இல்லாமல் சொன்னான். "ஆனா நாப்பத்தெட்டு நாளும் தொடல. நீங்களே பாத்தீங்கதானே? இப்பதான் விரதம் முடிஞ்சிருச்சு லா."

அடிக்கக் கை ஓங்கினேன். அந்தக் கையில் என் பீர் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் திமிர் இல்லை, அப்பா செய்வதைத்தானே செய்கிறோம் என்ற நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆடிப்போனேன்.

சாயந்திரமே அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், எங்களுக்கு மறுபடி மாலை போடச் சொன்னேன். "எத்தன நாளைக்கு?" என்று பூசாரி கேட்டார். மகன்தான், "மாலை வேணாம் ப்பா. போட்டா ஒரு நாளு கழட்டணும்" என்றான்.

அதிலிருந்து மாலை இல்லாமலே தினமும் வேலை முடிந்து அவனோடு கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங்குக்கும் சேர்ந்தே போகிறோம். அவன் ஒருமுறை தவறிக் குடித்துவிட்டான், நான் இருமுறை. நான் குடித்ததை முருகனிடம் சொல்லிவிட்டேன், மகனிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

விரதத்தை என்னிடம் கற்றான் என்று பூரித்துப்போனேனே, அது முடிந்த மறுநாளையும் என்னிடமேதான் கற்றிருக்கிறான் என்பது இன்றைக்கும் நெஞ்சைச் சுடுகிறது.