சிங்கவரம் ஏரியில் இரண்டாவது இருக்கை

பால் மறக்காத பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டு, ஒரு தாய் வேகப்படகில் கடலுக்குப் போகலாமா? செஞ்சியிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை.

1964 பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். நான், என் கணவர், என் மடியில் பத்மா. செஞ்சிக்குப் பதினேழு மைல். ஆளுக்கு எழுபது நயா பைசா. வெந்நீர்க் குடுவையை எடுத்து வைத்தேனா என்று வழியெல்லாம் பையைத் திறந்து பார்த்தேன். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் பட்டபோதும் என் கை பைக்குள்தான் இருந்தது.

என் அண்ணன் செஞ்சியில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கிறார். இந்தக் கரையில் எவரும் ஓட்டாத வேகத்தில் மரக்காணம் கடலில் படகு ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் கனவு. பதினான்கு அடி நீளத்தில், ஒட்டுப்பலகையில் அவரே கட்டிய படகு. பழைய கார் இஞ்சின் பொருத்தியிருந்தார்.

"வேகம் ஏறிட்டா இது தண்ணியில மிதக்காதும்மா, தண்ணி மேல வழுக்கிக்கினு போவும்" என்றார்.

ஏரிக்குப் படகின் அடிப்பாகம் தட்டையாக இருந்தாலே போதுமாம். கடலில் அது அலைமேல் அறைந்து அறைந்து பிளந்துவிடும். அதனால் முன்பாதியைக் கலப்பைக் கொழுபோலக் கூராக்கியிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு மாட்டுவண்டியில் படகைச் சிங்கவரம் ஏரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு பேர் எடைக்கென்று கட்டிய படகு அது. ஓட்டுபவர் அண்ணன். இரண்டாவது இருக்கையில் ஆளுக்குப் பதிலாக, ஏரிக்கரை விவசாயி கோவிந்தன் தந்த மல்லாட்டை மூட்டையைக் கட்டினார். வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். விசையைக் கூட்டியதும் மூட்டைக்குள் காய்கள் பின்பக்கம் உருண்டன. படகின் மூக்கு எழும்பித் தொப்பென்று விழுந்தது.

கோவிந்தன் அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனாரே, என் மல்லாட்டைக்கு ஆகாசம் காட்றீங்களா?"

மணி நாலரை. மூட்டைக்குப் பதிலாக உருளாத எடையாகப் பட்டறைக்குப் போய் இரும்பு கொண்டுவந்தால் பொழுது சாய்ந்துவிடும். சாய்ந்தபின், நைனார் என்று ஊர் அழைக்கும் எங்கள் சமண வீடுகளில் சாப்பாடு கிடையாது. இன்னும் ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஏறும்மா. நீ உருள மாட்ட."

"பத்மா அழுதா?"

"அழுதா நானும் சேந்து அழறேன். நீ போ" என்று என் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

காற்றடித்த லாரி டியூபை இடுப்போடு கட்டி, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தேன். படகின் மூக்கு எழும்பியபோது அண்ணன் சொன்னபடி முன்னே சாய்ந்தேன். அது படிந்தது, உதறல் நின்றது. திரும்பும்போது நாங்கள் கிளப்பிய அலையே எங்களை எதிர்த்து வந்தது. கூர்முனை அதைப் பிளந்து போயிற்று. குனிந்து அடிப்பலகையைத் தடவினேன். ஈரமில்லை.

கரையில் பத்மா என் கணவர் தோளில் தூங்கியிருந்தாள். பொழுது இருக்கும்போதே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

"மாசியில கடல் அடங்கியிருக்கும். அந்த சீட்டு உன்னுது. வேற ஆள ஏத்தினா கணக்கே மாறிடும்" என்றார் அண்ணன்.

"உன் இஷ்டம்" என்றார் கணவர். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிறு பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் வீட்டில் கிணற்றைவிடப் பெரிய தண்ணீர் கிடையாது; கடலைப் பற்றி யாரிடம் கேட்பேன்? கடலோரத்தில் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களே, மாசிக்குள் எனக்கு எழுதுங்கள். படகைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அது தாங்கும். நான் ஏறலாமா என்று மட்டும் சொல்லுங்கள்.