மூன்று கட்டையில் முற்றோதல்

நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தி உலகைக் காத்த பெருமான் துணை.

சோமவாரமும் பிரதோஷமும் கூடிய இந்நன்னாளில், கழுத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு அஞ்சியிருப்போருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நான் உணர்ந்தது நோயை அன்று, ருத்திராட்சக் கொடியை. என்றும் தளர்ந்து கிடப்பது, ஒருநாள் பதிகத்தின் நடுவே தொண்டையை அழுத்தியது. திருநாவலூர்க் கோயிலில் ஆடி மாதம் நிகழவிருந்த முற்றோதலுக்கு (பழம்பாடல் நூல் ஒன்றை முழுவதும் கூடிப் பாடுதல்) எங்கள் கள்ளக்குறிச்சிக் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. அடியெடுத்துக் கொடுப்பவள் நான்.

தைராய்டில் (கழுத்தின் முன்புறச் சுரப்பி) கட்டி என்றார்கள். பயாப்சியில் (ஊசியால் சதைத்துளி எடுத்துப் பார்க்கும் சோதனை) புற்று இல்லை என்று தெரிந்தது. ஆயினும் கட்டி மூச்சுக்குழாயை நெருக்கியதால் அதை அகற்றினார்கள்.

விழித்தபோது பேச்சு வெறுங்காற்றாக வந்தது.

“குரலுக்குப் போற நரம்பு சோர்ந்திருக்கும்மா. பேச்சு வந்துடும். உச்சத்துல பாடறதுக்கு மட்டும் என்னால வாக்கு குடுக்க முடியாது” என்றார் மருத்துவர்.

சில நாட்கள் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. “நேர்ந்துக்கினாகூட இந்த அமைதி கெடைக்காது” என்றார் என் கணவர். நான் கரண்டியை ஓங்கிக் காட்டினேன்.

பேச்சு மீண்டது. உச்சம் மீளவில்லை. வழக்கமான ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பயிற்சியைத் தொடங்கினேன். மேலேறும் முதல் அடியிலேயே குரல் உடைந்தது. வேறொருவர் எடுத்துக்கொடுக்கட்டும் என்று எழுந்தேன்.

“குந்துங்கக்கா. கீழ எறக்கிப் பாப்போம்” என்றாள் பச்சையம்மா. கரும்பு வெட்டும் காலம் தவிர மற்ற நாட்களில் சுருதிப்பெட்டி அவள் பொறுப்பு. மூன்று கட்டையில் வைத்தாள்.

பாடினேன். எட்டியது. பின்னாலிருந்து, கோயில் மணியை அடித்துவிட்டாற்போல் ஒரு குரல் எழுந்தது. எங்கள் குழுவில் பின்வரிசையில் அமரும் மணலூர்பேட்டை விவசாயி முருகேசன். இத்தனை ஆண்டுகளில் அக்குரலை நான் கேட்டதே இல்லை.

“ஏங்க, இம்மாங் கொரல எங்க வச்சிருந்தீங்க?”

“நீங்க புடிக்கிற ஒசரம் எங்களுக்கு எட்டாதுக்கா. சொன்னா கோச்சுக்குவீங்கன்னு…”

“பாட்டு மேல போம்போதெல்லாம் அண்ணன் வாய மட்டும் தொறந்துக்கினு இருப்பாரு. பக்கத்துல குந்திக்கினு நான் பாக்கலயா?” என்றாள் பச்சையம்மா.

“நீ மட்டும் இன்னா, இருமுற மாதிரி முந்தானைல மூஞ்ச மூடிக்கினியே!” என்றார் முருகேசன்.

தையல் போட்ட இடம் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

திருநாவலூரில் ஆடி மாதத்தில் நானே அடியெடுத்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் உச்சிவேளைக்குள் முடிக்க விரைவேன். இப்போது அடிக்கு அடி மூச்சுக்கு நிற்கிறேன். நிற்கும்போது, தழும்பின்மேல் தளர்ந்து கிடக்கும் ருத்திராட்சம் மற்றவர்களின் குரலில் அதிர்வது தெரிகிறது. என் தொண்டை என்னோடு முடிந்துவிடவில்லை என்று அப்போது தோன்றும். அன்று நிழல் சாய்ந்த பிறகே முடித்தோம். ஒருவரும் எழுந்து போகவில்லை.

இதைப் படிப்போர் யாவரும் நோய் நீங்கி, தமக்கு எட்டும் சுருதியில், சுற்றத்தோடு கூடிப் பாடி நெடிது வாழ ஈசன் அருள்க.