முட்டை வண்டி பழக்கிய கால்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். கத்துவேன், ஸ்பேனரைத் தூக்கி மேசையில் போடுவேன், அரை மணியில் ஆறிவிடுவேன். ஆறவே விடாத ஆள் ஒருவர் உண்டு. என் தங்கையின் கணவர். அவர் எதிர்த்துப் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் "சரி மச்சான்" என்பார். அந்தச் "சரி"யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாப்பிள்ளை சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் பஞ்சு. காருக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் முட்டை வேன் ஓட்டினார். ஒரு முட்டை விரிசல் விட்டாலும் முதலாளி அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து ஏசுவாராம். அதனால் மனிதர் தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுவார். பிறகு தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல பிரேக் மேல் வைப்பார். வண்டி நின்றது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. முட்டை போய் மனிதர்கள் வந்தும் அந்தக் கால் மாறவில்லை.

நாலு வருஷமாக ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஓட்டம். ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். ஆடாமல் அசையாமல் ஓட்டுகிற ஆள் என்று டாக்டர்களே கேட்டு வாங்கிய ஓட்டம். வீட்டில் அடுப்பு எரிவதே அதில்தான். அங்கே புதிதாக ஒரு மேனேஜர் அம்மா வந்தார். தினமும் காலையில் வாசலில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு காராகப் பார்ப்பார். வெள்ளை டிஷ்யூ பேப்பரால் சக்கரத்தை ஒரு துடை. மாப்பிள்ளை காரைத் துடைத்தால் பேப்பர் கரி.

"கண்ணுக்கு வைத்தியம் பாக்குற இடத்துக்கு இவ்வளவு அழுக்கா வருவீங்களா?" என்று கேட்டு, இரண்டு தடவை புகார் நோட்டில் எழுதி வைத்துவிட்டார். மூன்றாவது தடவை எழுதினால் ஓட்டம் வேறு ஆளுக்கு.

மாப்பிள்ளை என்ன செய்வார் பாவம். அது சேற்று அழுக்கில்லை, சக்கரத்தை நிறுத்துகிற பிரேக் பேட் தேய்ந்து பறக்கிற தூள். விடியற்காலையில் பல் தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சக்கரத்தைத் தேய்ப்பார். நாலு சிக்னல் தாண்டினால் பழைய கதைதான். என் தங்கை போனில் புலம்பினாள்.

"அண்ணே, பாத்திரம் விளக்குற நாரைக் காணோம், மூணாவது தடவை. தூக்கத்துலயும் கையைத் தேச்சுக்கிட்டே இருக்காரு. ஏதாவது பண்ணு."

அவரைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். மேசையில் மூன்று பெட்டிகளை வைத்தேன். ஒன்று, காரோடு வந்த அதே மாதிரி பேட். இரும்புத்தூள் அதிகம், நன்றாகப் பிடிக்கும், தூளைக் கொட்டும். இரண்டாவதில் 'தூசியே கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாப்பிள்ளை கை நேராக அதற்குத்தான் போனது.

"வைங்க கீழ. தேய்ஞ்சாதான் பிடிக்கும். தேயவே தேயாதுன்னா பிடிக்கவும் பிடிக்காது. சக்கரம் பளபளன்னு இருக்கும், வண்டி போய்ச் சுவத்துலதான் நிக்கும்."

மூன்றாவது செராமிக். தூள் கொஞ்சம்தான் வரும், அதுவும் வெளிர் நிறம், சக்கரத்தில் ஒட்டாது. பேட் விளிம்பில் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். ஆறியிருக்கும்போது எவ்வளவு பிடிக்கும், சூடானால் எவ்வளவு பிடிக்கும் என்று அதில் தெரியும். பழைய பேட்டில் இருந்த அதே எழுத்துகள் இதிலும் இருந்தன. அதைக் காட்டிவிட்டு மாட்டினேன். பேட் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டு, அந்த டிஸ்க்கையும் சுத்தம் செய்தேன்.

"இப்ப முக்கியமான விஷயம். காலி ரோட்டுக்குப் போங்க. அறுபதுல ஓட்டி, பத்துக்கு வர்ற வரைக்கும் நல்லா அழுத்திப் பிடிங்க. முழுசா நிறுத்த வேண்டாம். இதே மாதிரி பன்னெண்டு தடவை. அப்புறம் பிரேக்கைத் தொடாம கொஞ்ச நேரம் ஓட்டி ஆற விடுங்க. அப்பதான் பேட்டும் டிஸ்க்கும் செட் ஆகும். பண்ணலைன்னா பிடிக்காது. புரியுதா?"

"சரி மச்சான்."

நானே ஓட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த ஸ்டியரிங்கில் இன்னொருத்தர் கை வைக்க மாப்பிள்ளை விடமாட்டார். எனக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

இரண்டு வாரம் தங்கையிடமிருந்து நல்ல செய்தி. டிஷ்யூ வெள்ளையாகவே வருகிறதாம். மேனேஜர் அம்மா சிரித்தாராம். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். டயர் குவியல் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"ஒரு அம்மா தள்ளுவண்டியோட குறுக்க வந்துட்டாங்க மச்சான். அழுத்தினேன். முழுக்க அழுத்தினேன். வண்டி நிக்கல, போய்க்கிட்டே இருக்கு. கடைசியில பம்பர் தள்ளுவண்டியத் தொட்டு நின்னுச்சு. அந்த அம்மா கைக்கும் பம்பருக்கும் நடுவுல இவ்வளவுதான்."

ஒரு விரல் அகலம் காட்டினார்.

"பின்னாடி ஆள் இருந்தாங்களா?"

"பெரியவர் ஒருத்தர். ரெண்டு கண்ணுலயும் கட்டு. 'நீங்க நிறுத்தினதே தெரியல, ரொம்ப நல்லா ஓட்டுறீங்க'ன்னு பாராட்டுறாரு."

சக்கரத்தைக் கழற்றினேன். பேட் முழுக்கக் கண்ணாடி போலப் பளபளத்தது, டிஸ்க்கில் திட்டுத்திட்டாகக் கறை. அழுத்திப் பிடித்துப் பழக்காத பேட் இப்படித்தான் ஆகும், வழுக்கும். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"பன்னெண்டு தடவை பிடிச்சீங்களா?"

தரையைப் பார்த்தார். "ஒரு தடவை பிடிச்சேன். வண்டி குனிஞ்சுது. மனசு கேக்கல. போகப் போக தானா செட் ஆயிடும்னு விட்டுட்டேன்."

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். "எங்கிட்ட எதுக்குய்யா சரின்னு சொன்னீங்க? முடியலன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?" பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டே இருந்தார். "சரி" மட்டும் வரவில்லை.

அந்தப் பேட்டைத் தூர எறிந்துவிட்டு அதே செராமிக்கில் புது ஜோடி மாட்டினேன். டிஸ்க்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மறுநாள் ஞாயிறு, கோடவுன்களுக்குப் பின்னால் ஈ காக்கை இல்லாத ரோடு. அவர் ஓட்ட, பக்கத்தில் நான்.

"அறுபது. இப்ப. அழுத்துங்க!"

அழுத்தினார். வண்டி தலை குனிந்தது. உடனே மனிதர் பின்னால் திரும்பி, யாருமே இல்லாத சீட்டைப் பார்த்து "சாரிங்க" என்றார்.

"அங்க யாரு உக்காந்திருக்கா?"

"வாய் தவறி வந்துடுச்சு."

பன்னிரண்டு தடவை அழுத்தினார், பன்னிரண்டு தடவையும் சாரி கேட்டார். ஏழாவதிலிருந்து நான் தலையில் அடித்துக்கொள்வதையும் விட்டுவிட்டேன். ஆற விட்டுத் திரும்பும்போது பிரேக் உடும்பாகப் பிடித்தது. அப்பாடா, ஒழிந்தது என்று நினைத்தேன்.

எங்கே ஒழிந்தது? திங்கட்கிழமை டிஷ்யூ வெள்ளையாக வந்திருக்கிறது. மேனேஜர் அம்மா, "இப்படித்தான் இருக்கணும்" என்றிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு ஆளை ஏற்றியிருக்க வேண்டியதுதானே? சனிக்கிழமை நடந்ததை மாப்பிள்ளை ஒன்று விடாமல் அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வெலவெலத்துப்போய், பிரேக் சரியாக இருக்கிறது என்று மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் இனி ஓட்டம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"உங்களுக்குப் பைத்தியமா மாப்பிள்ளை? யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரியில பாத்தவங்க கிடையாது. வண்டியும் சரியாயிடுச்சு. இப்ப போய் எதுக்கு?"

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"அந்தப் பெரியவர் கண்ணு கட்டியிருந்துச்சு மச்சான். அவருக்குத் தெரியாது. அதான் பாராட்டினாரு. நானும் 'நன்றிங்க'ன்னு சொன்னேன். அது தொண்டையிலயே நிக்குது."

பேப்பரை வாங்கினேன். 'ஓட்டிச் சோதித்தேன்' என்று எழுதப் போனவன் பேனாவை மூடினேன். ஒரு தடவை ஒப்புக்குச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தவன்தானே நானும். காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"ஓட்டுங்க. நான் எதிர்பாக்காத நேரத்துல பிடிங்க."

கோடவுன் ரோட்டில் எங்கேயோ பிடித்தார். என் நெற்றி முன்சீட்டில் நங்கென்று இடித்தது. கண்ணைத் திறந்தேன். வண்டி அசையாமல் நின்றிருந்தது. மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தார். சாரி கேட்கவில்லை.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.