வகுப்பில் ஓயாமல் பேசிய அக்கா

பிறந்ததிலிருந்து காது கேளாத, வாய் பேசாத என் அக்காவை, வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று ஒருநாள் முழங்காலில் நிறுத்தினார்கள். அவளுக்குப் பதில் பேசிய குற்றத்துக்கு நானும் பக்கத்தில் நின்றேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கொழும்பு, குவைத் என்று பல வீடுகளில் வேலை பார்த்துப் பலவிதத் தண்டனைகள் கண்டுவிட்டேன். அப்படி ஒன்றை வேறெங்கும் காணவில்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அந்த வருஷம் வரை பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஊமைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று லயமே சொன்னது, அப்பா உட்பட. புதிதாக வந்த டீச்சர்தான் வீடு தேடி வந்து அம்மாவிடம் கேட்டார். தலைமையாசிரியரான பெரிய சாருக்கு இஷ்டமில்லை. மூன்று மாதம், ஒரு தவணை பார்ப்போம், மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லித்தான் என் வகுப்பில் சேர்த்தார்.

முதல் கிழமை முழுவதும் பையன்கள் அவளுக்குப் பின்னால் நின்று தகரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை. அடுத்த கிழமை அவள் எழுந்து, கக்கத்தில் குடையை இடுக்கி, வயிற்றைத் தள்ளி, வெற்றிலை எச்சில் துப்பி, எங்கள் கங்காணியாக நடந்து காட்டினாள். வகுப்பு உருண்டு சிரித்தது. அதன் பிறகு எல்லோருக்கும் அவளுடைய சைகை வேண்டியிருந்தது. முன்கையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவதுபோல் விரலைத் தள்ளினால் டீச்சர். கால்சட்டையை இழுத்துவிட்டால் பெரிய சார். வாய் திறந்தாலே திக்குகிற பையன் ஒருவன் கையால் முழுக் கதையும் சொன்னான். அவனுக்கு அவ்வளவு கதை தெரியும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்காவுக்காக டீச்சர் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் வரைந்தும் ரப்பர் கொட்டையை வைத்தும் காட்டத் தொடங்கினார். வாய்ப்பாடு என் மண்டையில் ஏறியது அந்த வருஷம்தான்.

கெடுதல் என்னவென்றால், டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பு முழுவதும் கை ஆடும். சத்தம் இருக்காது, திடீரென்று சிரிப்பு மட்டும் வெடிக்கும். அப்படி வெடித்த ஒரு நாளில்தான் முழங்கால். அம்மாவையும் வரச் சொல்லி ஆள் போனது.

ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில், எல்லோர் முன்னாலும் சேதியைச் சொன்னவர் கங்காணி. சொன்னதோடு விடாமல், ஊமச்சியைத் திருப்பிக் கூட்டிப்போகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தன் பங்குக்குச் சேர்த்தும்விட்டார். அம்மா பால் காய்ந்த சட்டையோடு நேரே வந்தாள். ஒரு கையில் அக்காவின் புத்தகங்களைப் போட வெறும் பை. இன்னொரு கையில், சிங்களவர்கள் பெரிய ஆட்களிடம் கெஞ்சப் போகும்போது கொடுப்பதுபோல, வெற்றிலைக் கட்டு. அதை இரண்டு கையாலும் நீட்டி டீச்சரின் காலடியில் குனிந்தாள்.

டீச்சர் பதறிப் பின்னால் நகர்ந்தார். "என்னங்க இது, எழும்புங்க. ஒங்க மக பேசிக்கிட்டே இருக்கா. பாடம் நடத்த முடியல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அம்மா என்னை முறைத்தாள். "இவளா?"

"இவளுந்தான். பெரியவதான் தலைவி."

"அது பேசாதுங்க டீச்சர். பொறந்ததுலேருந்தே பேசாதுங்க."

"பேசாதா? கடைசி வாங்குல ஒக்கார வச்சேன். அங்கேருந்து முன் வாங்கோட பேசுறா."

அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். டீச்சர் சொன்னார். திரும்பவும் சொல்லச் சொன்னாள். யாரும் அவளை அனுப்பப் போவதில்லை, கையைக் கொஞ்சம் அடக்கச் சொன்னால் போதும் என்றார் டீச்சர். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கு ஓர் அடிகூட விழாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா பிள்ளைகளோடு முன்னால் போனாள். கை ஓயவில்லை. "என்னாடி சொல்லுது?" என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். கங்காணியின் வயிற்றைப் பற்றி என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும், "என்னைய எப்படிச் சொல்லும்?" என்றாள்.

அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். யாருடைய அம்மாவுக்கும் எங்களுக்கு அந்தச் சைகைதான். வலது கையை முஷ்டியாக மடக்கி நெஞ்சுக்கு நேரே வைத்து, வெடுக்கென்று பக்கவாட்டில் தள்ளிக் காட்டினேன்.

"அப்படின்னா?"

"கதவுக்குத் தாப்பா போடுறதும்மா."

அக்கா பள்ளியில் சேரும்வரை, விடியுமுன் பால்வெட்டப் போகும்போது அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் விடுவாள். அக்காவை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆற்றுப் பக்கம் ஓடிவிடுவாள் என்ற பயம். அதனால் அவளை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

அம்மா நடப்பதை நிறுத்தி ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, நான் அவள் முகத்துக்கு எதிரே போய் நின்று, இன்னொருமுறை, இன்னும் நன்றாகத் தெரியும்படி தள்ளிக் காட்டினேன்.