மயிலுக்குக் கட்டிய கப்பம்

சித்தாண்டியில் கதிர்காமத்தம்பியைத் தூரத்தில் கண்டாலே சனம் சைக்கிளை வேகமாக மிதிக்கும். பகையில்லை, அவருடைய சரித்திரக் கேள்விகளுக்குப் பயம்.

"நூறு வருசமாச் சண்டை பிடிச்சவங்களாம். தொடங்கினவன் செத்திருப்பான். பிறகு பிறந்தவனுக்கு என்னத்துக்கு அடிபடுறம் எண்டு தெரிஞ்சிருக்குமா?" என்று வழிமறிப்பார். ரோமாபுரி விழுந்த அன்றைக்கு அது அங்கிருந்த சனத்துக்கு விளங்கினதா என்று மனைவி புஸ்பத்திடம் ஒருநாள் கேட்டார். "எனக்குத் தேங்காய் விழுந்தாத்தான் விளங்கும்" என்றாள் அவள்.

நின்று கேட்கிற ஒரே ஆள், ஏறாவூரிலிருந்து நெல் வாங்க வரும் அப்துல் மஜீத். தெரியாததைக் கைபேசியில் தேடியாவது சொல்வார்.

இந்த மாரிப்போகத்தில், கதிர் பால்பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டோரத்து மயில்கள் கதிர்காமத்தம்பியின் வயலுக்குள் இறங்கின. முருகனின் வாகனம், அடிக்க மனம் வரவில்லை. தகரம் தட்டினார், சீனவெடி கொளுத்தினார். மயில்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று மேய்ந்தன.

"இது பெரிய விசயமில்ல அண்ணன்" என்றார் மஜீத். "அந்தக் காலத்தில அவுஸ்திரேலியாவில ஈமுப் பறவையள் கோதுமையத் திண்டெண்டு பட்டாளமே மெசின் துவக்கோட போயிரிக்கி. பறவையள் சிதறி ஓடிட்டு. கடைசியில பட்டாளம்தான் திரும்பி வந்திச்சி."

கதிர்காமத்தம்பிக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. "பட்டாளமே தோத்திருக்கு! பிறகு என்ன செய்தவங்க?"

"வேலி போட்டாங்க."

மறுநாள் விடிய வயலைச் சுற்றிச் சேலைவேலி. தேத்தண்ணியோடு வந்த புஸ்பம் வரம்பில் நின்றுவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, அந்த மூலையில ஆடுறது திருவிழாவுக்கு வச்சிருந்த என்ட சேலையெல்லோ?"

அவர் வாய் திறப்பதற்குள் ஒரு மயில் எழும்பி, அந்தச் சேலைக்கு மேலால் பறந்து, கதிருக்குள் இறங்கியது. புஸ்பம் கோபத்தை மறந்து, சிரித்துச் சிரித்து வரம்பிலேயே குந்திவிட்டாள்.

மஜீத்துக்குத் தொலைபேசி போனது. "ஈமு பறக்காது அண்ணன்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அதச் சொல்ல மறந்துட்டன்."

"சரி, தோத்த ராசாமார் என்ன செய்தவங்க?"

"கப்பம் கட்டினாங்க."

அன்றிலிருந்து காட்டோரத்தில் தினமும் காலையில் கதிர்காமத்தம்பி போன போகத்துக் கழிவுநெல்லைத் தூவினார். மயில்கள் அங்கேயே தங்கின. சொந்தபந்தங்களையும் கூட்டிவந்தன. கூட்டம் பெருகப் பெருக, காட்டுப்பக்க மூலையும் அவற்றின் வயிற்றுக்குள் போனது. மிச்ச வயல் தப்பியது.

அறுவடை முடிந்த அன்று பக்கத்து வயற்காரன் மதுரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். "உங்கட புண்ணியம் அண்ணன். இந்தமுறை ஒரு மயில் என்ட பக்கம் தலைவச்சும் பாக்கல்ல."

கதிர்காமத்தம்பி பழத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, நெல் வாங்க வந்து தராசோடு நின்ற மஜீத் பக்கம் திரும்பினார்.

"கப்பம் கட்டினது நான், சமாதானம் இவனுக்கு. உலகத்தில வேற எங்கயாவது இப்பிடி நடந்திருக்கா?"

"நெல்ல நிறுக்க விடுங்க அண்ணன்" என்றார் மஜீத். ஆனாலும் கை கைபேசியைத் தேடியது.